புல்லுக்குக் கீழே தேங்கும் ஐப்பசி

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றும் 100 மில்லி பிடிக்கும். பக்கவாட்டில் அளவுக்கோடு போட்டது. உலையில் காயவைத்துச் சலித்தெடுத்த கரிசல் மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டிலும் கொட்டுகிறார்கள். ஒன்றில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு ஒரு நாள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெய்க் குழாயில் மண் போட்டது போட்டபடி அடியில் படிந்து கிடக்கும். தண்ணீர்க் குழாயில் அதே பத்து கிராம், ஊறிய உளுந்து மாதிரி உப்பி, கோட்டுக்கு மேல் கோடாக ஏறி நிற்கும்.

மண் பரிசோதனைக் கூடங்களில் அன்றாடம் நடக்கும் இந்தச் சோதனைக்கு ஐ.எஸ். 2720, பாகம் 40 என்று இந்தியத் தர நிர்ணய எண் உண்டு. மண்ணெண்ணெயில் நின்ற அளவைவிடத் தண்ணீரில் நின்ற அளவு பாதிக்கு மேல் கூடிவிட்டால், அது அஸ்திவாரத்துக்குத் தொல்லை கொடுக்கும் மண். கரிசலில் இருமடங்காவதும் உண்டு. பைல் போடுவதா, கிராவல் நிரப்புவதா என்று பொறியாளர் முடிவெடுப்பது இதை வைத்துத்தான். வீடு எழும்பி, பெயிண்ட் அடித்து, பால் காய்ச்சியதும் அந்த அறிக்கை பீரோவுக்குள் போய்விடும். வாசலில் செயற்கைப் புல் விரிக்க ஆள் வரும்போது யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. உண்மையில் அன்றைக்கு அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமியில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். காம்பவுண்டுக்குள் முன்பக்கம் இருபதுக்கு முப்பது அடி காலியிடம். நிஜப் புல் வளர்க்கத் தண்ணீர் இல்லை, வெட்ட ஆள் இல்லை. பங்குனியில் ஒரு நாள் லோடு ஆட்டோவில் பச்சைச் சுருள்கள் வந்து இறங்குகின்றன. மண்ணை மண்வெட்டியால் கொஞ்சம் நிரவி, மேலே கிரஷர் டஸ்ட் தூவி, கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை விரித்து, அதன்மேல் புல்லைப் பரப்பி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரே நாள் வேலை. சித்திரை, வைகாசி எல்லாம் அந்த வாசல் படம் பிடிக்க அழகாக இருக்கும்.

ஐப்பசியில் காலை வைத்தால் புல் ‘களக்’ என்கிறது.

அடுத்த நாள் அது மெத்தைபோல அமுங்குகிறது. நான்காம் நாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புக் கூழ். ஒரு வாரத்தில் வாடை. மழை நின்று தை மாதம் வெயில் ஏறியதும் நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு மேடு, ஒட்டின இடங்களில் பிளவு. விற்ற கடைக்காரரிடம் கேட்டால் அவர் சொல்வது பொய்யில்லை: புல்லில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது. சுருளைத் திருப்பிப் பார்த்தால் லேட்டக்ஸ் பூசிய முதுகில் அரைச் சாணுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அவற்றின் வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்கிறது. இறங்கிய தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு மட்டும் அந்தச் சுருளிடம் பதில் கிடையாது.

செயற்கைப் புல்லின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தார் உருவாக்கிய அந்தப் புல் முதலில் 1964-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் விரிக்கப்பட்டது. பெயர் வாங்கியது ஹூஸ்டன் நகரத்தில். அங்கே 1965-இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கில், ஒளி புகும் கூரையின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் போனது, உள்ளே வளர்ந்த புல் செத்தது. மறு ஆண்டு செயற்கைப் புல் வந்தது. அரங்கத்தின் பெயரால் ‘ஆஸ்ட்ரோ டர்ஃப்’ ஆனது. ஹூஸ்டனும் நம் கரிசலைப்போல உப்பி வெடிக்கும் களிமண் மேல் நிற்கும் ஊர்தான். ஆனால் அந்தப் புல்லுக்கு மேலே கூரை இருந்தது. மழையைப் பற்றி அது கவலைப்படவேண்டியிருக்கவில்லை.

நமக்கு இந்தப் பெயர் அறிமுகமானது ஹாக்கியின் வழியாக, அதுவும் கசப்போடு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைப் புல்லில் ஆடப்பட்டது; 1928 முதல் பதக்கமில்லாமல் திரும்பாத இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் நம் ஊர்களிலும் செயற்கைப் புல் மைதானங்கள் வரத் தொடங்கின. இன்று ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியிலும் ஒன்று இருக்கிறது. கரிசல் மேலேயே செயற்கைப் புல் நன்றாக நிற்கும் என்பதற்குக் கோவில்பட்டிக்காரர்கள் வெளியூர் போய்ச் சாட்சி தேடவேண்டாம்.

வித்தியாசம் அடியில் இருக்கிறது. ஹாக்கி மைதானத்தில் பச்சையாகத் தெரிவது மேல்தோல் மட்டும். அதன்கீழே அதிர்வு தாங்கும் ரப்பர் பட்டை, அதன்கீழே சாலைபோல் இறுக்கிய தளம், ஜல்லி அடுக்குகள், அளந்து விட்ட வாட்டம், சுற்றிலும் வடிகால் என்று ஒரு கட்டடமே படுத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைப்பதற்கென்றே வடிவமைத்த தரை அது. தண்ணீரை வாங்கவும் விடவும் அதற்குத் தெரியும். வீட்டு வாசலுக்கு வருவது அந்தக் கட்டடத்தின் மேல்தோல் மட்டும்தான்.

கரிசலின் குணம் விவசாயிக்குத் தெரிந்த அளவு வீடு கட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. மானாவாரியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவது, இந்த மண் குடித்த மழையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். களிமண் துகள் ஒன்றின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. கரிசலில் நிறைந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம், சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கானது. தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு இடையே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தால் அடுக்குகள் சுருங்கி, காலே உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு விடும். பயிருக்கு வரமாக இருந்த இதே குணம் பச்சைக் கம்பளத்துக்கு வினையாகிறது.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் பாசனக் கையேடுகளில் தரும் கணக்குப்படி, நன்றாக நனைந்தபிறகு களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே வாங்கும். மணல் 30 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது பெரிய செய்தியே இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்கு எந்த வடிகாலும் ஈடு கொடுக்காது என்பதால் அதை விட்டுவிடலாம். சாதாரண ஐப்பசி மழைக்கே கணக்கு உதைக்கிறது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். இருபதுக்கு முப்பது என்றால் 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 2,800 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டிகள் கிட்டத்தட்ட மூன்றைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தமாதிரி. அந்த ஒரு மணி நேரத்தில் மண் வாங்கிக்கொள்வது அதிகம் போனால் 280 லிட்டர், மீதி நிற்கும். பல புது வீடுகளில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயும் இந்தப் புல்லைப் பார்த்தே திறந்திருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து அதே மழைக்கு இன்னும் 4,600 லிட்டர் வந்து சேரும்.

புல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த மாடிக் குழாயைத் திருப்பவேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடித் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போகவேண்டியது. அது சட்டப்படி போகவேண்டிய இடத்துக்குப் போனாலே புல்லின் பாரத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். சல்லிக்காசு கூடுதல் செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் கடைசியில் நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மண்ணைச் சோதிப்பது. ஒரு அடி நீள அகலத்தில் இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தால் போதும் என்பார்கள். செம்மண்ணில் போதும். கரிசலில் இந்தச் சோதனை பொய் சொல்லும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஒரு குடம் ஊற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். ‘பாருங்க, என்னமா உறிஞ்சுது!’ என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அது மண் உறிஞ்சியதில்லை. வெடிப்புக்குள் தண்ணீர் ஓடி ஒளிந்துகொண்டது. முதல் இரண்டு மழையிலேயே மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் அதே குழி ஒரு பாத்திரம். ஆகவே கரிசலில் குழியை நிரப்பி, வற்ற வற்ற மறுபடி நிரப்பி, ஒன்றிரண்டு நாள் ஊறவைத்த பிறகே அளக்கத் தொடங்கவேண்டும். ஒரு அங்குலம் இறங்க அரை நாள் எடுத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘இந்த மண் வழியாகத் தண்ணீரை அனுப்ப முடியாது, பக்கவாட்டில்தான் வெளியேற்றவேண்டும்’ என்ற செய்தி கையில் கிடைத்துவிட்டது என்று பொருள்.

இதைவிட நம்பகமான சோதனையும் ஒன்று உண்டு, பொறுமை வேண்டும். புது வீட்டில் ஒரு ஐப்பசி, கார்த்திகையை வெறும் மண்ணோடு பார்த்துவிடுவது. எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, பக்கத்து மனையிலிருந்து வருகிறதா என்பதையெல்லாம் ஒரே பருவம் சொல்லிவிடும். அதோடு புது வீட்டுக் காலியிடம் இயல்பான நிலமே இல்லை. ஜே.சி.பி.யும் ஜல்லி லாரியும் ஏறி இறங்கி இறுகிய தரை அது. கான்கிரீட் கலவை கழுவிய இடம் ஒரு பக்கம், உடைந்த டைல்ஸ் புதைத்த இடம் ஒரு பக்கம், அஸ்திவாரக் குழியை அவசரமாக மூடிய இடம் ஒரு பக்கம். மூடிய மண் முதல் ஓரிரு மழையில் இறங்கும். அது இறங்கி முடிப்பதற்குள் மேலே எதை விரித்தாலும் அதுவும் கூடவே இறங்கும். கிரகப்பிரவேசப் புகைப்படத்துக்குப் பச்சை வேண்டுமென்றால் நாலு தொட்டிச் செடி வாங்கி வைக்கலாம்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் ஒரு தவறு, பார்க்கப் புத்திசாலித்தனமாகத் தெரிவது. களிமண்தானே பிரச்சினை, அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஒரு அடிக்கு ஜல்லியை நிரப்பிவிட்டால் தண்ணீர் தானே இறங்கிவிடும் என்று நினைப்பது. நாலு பக்கமும் அடியும் களிமண்ணாக இருக்கும்போது தோண்டிய குழி தொட்டியாகிவிடும். ஜல்லிக்கு இடையே இருக்கும் வெற்றிடம் தண்ணீருக்கு வசதியான இடம். சுற்றியிருக்கும் நிலத்தின் தண்ணீரும் அங்கே வந்து சேரும். முக்கால் ஜல்லியில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் என்று வைத்துக்கொண்டால், ஆறு அங்குல அடுக்கு 60 மில்லிமீட்டர் மழையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழையைச் சமாளிக்கும். ஆனால் அந்த 60 மில்லிமீட்டர் களிமண் வழியாக இறங்கி முடிய, நல்ல கணக்கில் 12 மணி நேரம், மோசமான கணக்கில் இரண்டரை நாள். ஐப்பசியில் அடுத்த மழை அதுவரை காத்திருக்காது. வெளியேறும் வழி வைக்காமல் ஜல்லி போடுவது, ஓட்டையில்லாத தொட்டியில் செடி வைப்பது மாதிரி.

வெளியேறும் வழி என்றால் காம்பவுண்டுச் சுவரில் ஒரு குழாய். அதை வைக்கச் சரியான நாள், சுவருக்கு அடிமட்ட பெல்ட் கான்கிரீட் போடும் நாள். அன்றைக்கு நாலு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துக் கான்கிரீட் போட்டால் முடிந்தது. சுவர் பூசி, பெயிண்ட் அடித்து, கேட்டுக்கு முன்னால் கிரானைட் பதித்தபிறகு அதே துளைக்கு டிரில்லரும் தூசியும் மனஸ்தாபமும் சேர்ந்து வரும்.

குழாய் எந்த மட்டத்தில் என்பதுதான் கணக்கு. இருபதுக்கு முப்பதில் முப்பதடி நீளவாக்கில் வீட்டிலிருந்து கேட்டை நோக்கி வாட்டம் விடுவதாகக் கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்றால் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். கரிசல் ஏறி இறங்கும் என்பதால் ஒன்றரையாகவே வைத்துக்கொள்வது நல்லது. முப்பதடிக்கு நாலரை அங்குலம். இந்த வாட்டம் அடியில் இருக்கும் களிமண் தரைக்கே வேண்டும். ஜல்லிக்கு மேல் மட்டும் வாட்டம் வைத்து, களிமண்ணைக் குண்டும் குழியுமாக விட்டால், தண்ணீர் மேலே சரியாக ஓடுவதுபோல் போய் அடியில் குளமாக நிற்கும். புல்லுக்குக் கீழே ஏழெட்டு அங்குலம் அடுக்கு, நாலரை அங்குலம் வாட்டம், அதற்கும் கீழே குழாய் பதிக்கும் வாய்க்கால். கூட்டிப் பார்த்தால் குழாயின் வாய் புல் மட்டத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டடி கீழே வந்து நிற்கும்.

தெருச் சாக்கடை அதற்கும் கீழே இருக்கிறதா? இருந்தால் பிரச்சினையில்லை. பல ஊர்களில் இருக்காது. ஒவ்வொரு முறையும் பழைய தார்மேல் புதுத் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடுகள் பள்ளத்துக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. அதை நம்பி இன்றைய தெரு மட்டத்துக்கே குழாயை வைப்பவர் தைரியசாலி. தெரு உயரமாக இருக்கும் மனையில் களிமண்ணைத் தோண்டுவதைவிட, அதன்மேல் வாட்டமாகக் கிராவல் ஏற்றித் தரையை உயர்த்துவதே வழி. அதற்கும் இடமில்லாவிட்டால், தாழ்ந்த மூலையில் ஓர் உறை இறக்கி, தண்ணீரை அதில் சேர்த்து, மிதவை சுவிட்ச் போட்ட சின்ன மோட்டாரால் வெளியே தள்ளவேண்டும். மின்சாரம் போகும் இரவில்தான் பெருமழை பெய்யும் என்பதை மறந்துவிடாமல்.

அடுக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணை ஈரமாக இருக்கும்போது வெட்டக்கூடாது. மண்வெட்டி இழுத்த இடமெல்லாம் மெழுகின தரைபோல் அடைத்துக்கொள்ளும். வாட்டத்தோடு நிரவித் திமிசு போட்டபிறகு, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் என்ற துணியை விரிக்கவேண்டும். தண்ணீரை விடும், களிக்கூழை விடாது. துணி இல்லாவிட்டால் ஜல்லி களிக்குள் புதையும், களி ஜல்லிக்குள் ஏறும். இரண்டு வருடத்தில் ஜல்லி போட்டதற்கு அடையாளமே இருக்காது. அதன்மேல் ஆறு அங்குலம் முக்கால் ஜல்லி, அதன்மேல் ஒரு அங்குலம் கால் ஜல்லி சிப்ஸ், பிறகு புல்.

ஜல்லி கழுவியதுபோல் சுத்தமாக இருக்கவேண்டும். சாலைக்குப் போடும் வெட்மிக்ஸை வாங்கி வந்து ரோலர் விட்டால் கெட்டியாக நிற்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அதில் இருக்கும் பொடி இடைவெளிகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். கிரஷர் டஸ்டும் அப்படியே. கைப்பிடி டஸ்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்தால், பால்போல் கலங்கி வெகுநேரம் தெளியாமல் நிற்கும். அந்தக் கலங்கல்தான் புல்லுக்கு அடியில் படிந்து அடைக்கிறது. களை வராமலிருக்க விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓட்டை போட்ட புல்லுக்குக் கீழே ஓட்டையில்லாத ஷீட்.

தாழ்ந்த ஓரத்தில், புல்லின் அகலம் முழுவதும் ஓர் அடி அகல வாய்க்கால் வெட்டி, துளையிட்ட நாலு அங்குலக் குழாயைத் துணியில் சுற்றி ஜல்லிக்குள் பதித்து, முனையைச் சுவரில் விட்டிருக்கும் குழாயோடு சேர்க்கவேண்டும். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் நிரம்பி ஓடினால் இந்தக் குழாய் நொடிக்கு ஐந்தாறு லிட்டர் கொண்டுபோகும். ஆகவே குழாயின் அளவைப் பற்றிப் பயம் வேண்டாம். சண்டை வருவது அதன் துளைகள் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதில். அந்த உரையாடல் இப்படித்தான் போகும்:

“ஓட்டை மேல இருந்தாத்தான சார் தண்ணி உள்ள எறங்கும்? கீழ வச்சா உள்ள வந்த தண்ணியும் ஒழுகிரும்லா?”

“இல்ல கொத்தனாரே, கீழ பார்த்துத்தான் வைக்கணும்னு இன்ஜினியர் சொல்லிருக்காரு.”

“அவரு என்னமும் சொல்லுவாரு. நீங்க சொல்லுத மாதிரியே வச்சிருதேன். பெறகு என்னையச் சொல்லக்கூடாது.”

கொத்தனாரின் வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தண்ணீர் மேலிருந்து சொட்டிக் குழாய்க்குள் விழுவதில்லை. வாய்க்காலின் அடியில் முதலில் தேங்கி, மட்டம் ஏறி ஏறிக் குழாயைத் தொடுகிறது. துளை மேலே இருந்தால் குழாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றபிறகே வடிய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருக்கும் நாலு அங்குலம் நிரந்தரக் குட்டையாக நிற்கும். துளைகள் கீழே, இருபக்கமும் சற்றுச் சாய்வாக இருந்தால் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே உள்ளே போய்விடும். மேலே இருக்கும் துளையில் மண் விழுந்து அடைப்பதும் மிச்சம்.

வீட்டுக்காரர் புல்லைவிட அதிகம் கவலைப்படவேண்டிய இடம் ஒன்று உண்டு: சுவரோரம். கரிசல் வீடுகளில் விரிசல் வருவது ஈரத்தால் மட்டும் இல்லை. ஈரம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவதால். நடுவீட்டு மண்ணின் ஈரம் அதிகம் மாறாமல் இருக்க, ஓர மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி உப்பாத மண்ணை ஓர் அடுக்காகக் கரிசலுக்கு மேல் போட்டு அதன் எழுச்சியை அடக்கும் முறையை ஆராய்ந்து நிறுவினார். ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல்களை உருவாக்கியது. இவ்வளவு யோசித்துப் போட்ட அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே ஜல்லித் தொட்டி ஒன்றைத் தோண்டித் தண்ணீரைத் தேக்கிவைப்பது கொடுமை. ஆகவே சுவரை ஒட்டி மூன்றடிக்குக் குறையாமல், வெளிப்பக்கம் வாட்டமாகச் சிமென்ட் தளம் போட்டுவிட்டு, அதற்கு அப்பால்தான் புல்லின் அடுக்கு தொடங்கவேண்டும். புல்லின் மட்டம் பேஸ்மெண்டுக்கு மேலே ஒருபோதும் ஏறக்கூடாது.

சென்னையில் கதை கொஞ்சம் மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்குக் கீழே மணல். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்புக் களி. அங்கே வெறும் கசிவுக்குழி தோண்டினால் அது கொசுத்தொட்டி ஆகிவிடும். குழியின் நடுவில் களிமண்ணைத் தாண்டி மணல் படுகைவரை துளை போட்டு ஜல்லி நிரப்பினால்தான் தண்ணீர் இறங்கும். நிலத்தடி நீர் மட்டமே மழையில் மேலே வந்துவிடும் இடமென்றால் அதுவும் பலிக்காது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கரிசல் பகுதிகளுக்குக் கோவில்பட்டிக் கணக்கே பொருந்தும்.

இவ்வளவும் செய்து செயற்கைப் புல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. கத்தரி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழந்தை வெறுங்காலோடு ஓடி விளையாடும் என்று வாங்கியது மதியத்தில் யாரும் மிதிக்காத இடமாகிவிடும். நாய் வளர்க்கும் வீட்டில், வடியாத தரையின் மூத்திர வாடையை எந்தத் திரவமும் முழுதாகப் போக்காது. 600 அடியையும் மூடாமல் நடமாடும் 200 அடியை மட்டும் மூடினால் ஜல்லி, துணி, புல் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு. மீதி இடத்தில் வேம்போ புங்கமோ வேண்டாம். கரிசலில் சுவரோரம் வைத்த மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சி அஸ்திவாரத்தை இறக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை போதும்.

அப்புறம் கோரை. கரிசலைத் தெரிந்தவர்களுக்குக் கோரையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோண்டும்போது கிழங்கைப் பொறுக்காமல் விட்டால், துணியைக் குத்தி, ஜல்லியைத் தாண்டி, லேட்டக்ஸ் துளை வழியாகத் தலையை நீட்டும். செயற்கைப் பச்சைக்கு நடுவில் நிஜப் பச்சை கொஞ்சம் வெளிறித் தெரியும். பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும்.

குழாய் பதிக்கும்போதே உள்பக்க முனையை மேலே தூக்கி, புல் மட்டத்தில் ஒரு மூடி வைத்துக்கொண்டால் பின்னால் உபயோகப்படும். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அந்த மூடியைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றவேண்டும். ஒருவர் தெருவில் குழாய் வாயருகே நிற்கவேண்டும். தண்ணீர் தடையில்லாமல் வந்து விழுந்தால் மூடியைத் திருகிவிட்டு வரலாம். சொட்டுச் சொட்டாக வந்தால், அடைப்பு எடுப்பவருக்கு அன்றைக்கே போன் போடவேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் கிடைக்கமாட்டார்.